வெள்ளையா முளைச்ச தேசிக்கண்டு, பசளை போட்டாப் பச்சை பிடிக்குமா?

கேள்வி:

சேர், நான் திருகோணமலை பாலையூற்றில இருந்து எழுதுறன். ரெண்டு மாசத்துக்கு முந்தி தம்பலகாமத்தில அம்மா வீட்ட போன நேரம் அங்க வளவில நிக்கிற தேசி மரத்தில இருந்து கொஞ்சம் பழம் கொண்டுவந்தனான். அம்மம்மா வச்ச மரம், நல்ல சாறு, இப்ப வயசுபோய் ஒரு பக்கம் பட்டுக்கொண்டு வருது, அதால ஒரு கண்டாவது எடுத்து வைக்கோணும் எண்டு ஆசை. பழத்தைப் பிழிஞ்சு விதையை ஷொப்பிங் பேக்கில போட்டு வச்சன், பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து அதை மறந்தே போனன். ஒரு கிழமைக்கு மேல கிடந்து விதையெல்லாம் கறுப்பா பூஞ்சணம் பிடிச்ச மாதிரி இருந்தது, கழுவாம அப்படியே யோகட் கப்புகளில தும்புத்தூள் போட்டு ஊண்டிப்போட்டன். 22 கண்டு முளைச்சுது, அதில 8 கண்டு பால் வெள்ளை, தண்டும் வெள்ளை இலையும் வெள்ளை. பக்கத்து வீட்டு அக்கா நாவூறு எண்டுறா, கடையில யூரியா கரைச்சுத் தெளிக்கச் சொல்லுறாங்க, ஒரு வீடியோவில சீனித்தண்ணி விடச் சொல்லியிருக்கு, என்ர தம்பி இது அபூர்வச் செடி, பேஸ்புக்கில போட்டா ஆயிரக்கணக்கில விக்கலாம் எண்டுறான். இதுகளைக் காப்பாத்த ஏலுமா? மற்றப் பச்சைக் கண்டுகளுக்கும் தொத்துமா? என்ர மணிப்பிளாண்டிலயும் ஒரு கொடி முழுக்க வெள்ளையா வந்தது, வெட்டித் தனியா வச்சன், செத்துப்போச்சு, அதுவும் இதே வருத்தமோ?

பதில்:

தங்கச்சி, முதல்ல நேரவே சொல்லிப்போடுறன், அந்த எட்டுக் கண்டும் தப்பாது. யூரியா விட்டாலும் தப்பாது, சீனித்தண்ணி விட்டாலும் தப்பாது. ஆனா மிச்சம் 14 பச்சைக் கண்டு இருக்கே, அதுகளுக்கு இது தொத்தாது, அதைப்பற்றிப் பயப்பட வேண்டாம். உங்கட அம்மம்மாட மரத்தைப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிற மாதிரி வச்சிருக்க வேணுமெண்டா அந்தப் 14லதான் உங்கட கவனம் இருக்கோணும், பிறகு தம்பலகாமத்தில நிக்கிற மரத்திலயும் ஒரு வேலை செய்யக் கிடக்கு, அதைக் கடைசியில சொல்லுறன்.

ஏன் தப்பாது எண்டு விளங்கினா மற்றதெல்லாம் தன்னால விளங்கும். இலை பச்சையா இருக்கிறது அதுக்குள்ள இருக்கிற பச்சையத்தால, குளோரோபில் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பீங்க. அந்தப் பச்சையம்தான் வெயிலைப் பிடிச்சு, காத்தில இருக்கிற காபனீரொட்சைட்டையும் வேரால வாற தண்ணியையும் வச்சு மாச்சத்து செய்யுது. நாங்க பசளை எண்டு போடுறது சாப்பாடு இல்லை, கனபேர் பிழையா விளங்கிக்கொண்டிருக்கிறது இதைத்தான். நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் எல்லாம் செடி சமைக்கிறதுக்குத் தேவையான சாமான், சமைக்கிறது இலைதான். சமைக்க ஏலாத இலைக்கு எவ்வளவு சாமான் கொண்டுபோய்க் கொட்டினாலும் அதால ஒண்டும் செய்ய ஏலாது, போதாக்குறைக்கு அந்தச் சின்ன வேர் யூரியாவில கருகியும் போயிடும்.

அப்ப இவ்வளவு நாளும் அது எப்பிடி வளர்ந்தது எண்டு கேப்பீங்க. தாய் மரம் விதைக்குள்ள கட்டிவிட்ட கட்டுச்சோறு அது. தேசி விதை முளைக்கேக்க அதின்ர ரெண்டு வித்திலையும், அதாவது விதைக்குள்ள இருக்கிற பருப்பு, மண்ணுக்கு மேல வாறதில்லை, கீழயே கிடக்கும். ஒரு வெள்ளைக் கண்டுக்குப் பக்கத்தில தும்புத்தூளை விரலால மெல்லமா விலத்திப் பாருங்கோ, அந்தப் பருப்பு இப்ப எப்பிடி இருக்கெண்டு. முளைச்ச புதுசில கொழுத்து இருந்தது இப்ப சுருங்கி மெலிஞ்சு தோல் மட்டும் மிஞ்சினமாதிரி வந்திருக்கும். அது முடியிற அண்டைக்குக் கண்டும் முடிஞ்சுது. அதாலதான் விதை பெரிசா இருக்கிற சாதியில வெள்ளைக்கண்டு கூடநாள் நிண்டுபிடிக்கும், வெள்ளையா முளைக்கிற மாங்கண்டு மாங்கொட்டையில இருக்கிறதைத் திண்டு கனநாள் நிக்கும், மிளகாய், தக்காளி எண்டா விதை சின்னன், ஒரு கிழமை ரெண்டு கிழமையில சரிஞ்சு விழுந்திடும். உங்கட தேசி இதுக்கு ரெண்டுக்கும் நடுவில.

ஆனா ஒரு விசயம், எல்லா வெள்ளையும் இந்த வெள்ளை இல்லை, எனக்கு வாற கேள்விகளில "என்ர கண்டு வெள்ளையாப் போச்சு" எண்டு எழுதுறதில கனக்க வேற பிரச்சினை, அதையும் இதிலயே சொல்லிவிடுறன் ஏனெண்டா உங்களைப் போல வேற ஆக்களும் வாசிப்பினம். விதையை மேசைக்குக் கீழ, அலுமாரிக்குள்ள, கறுத்தப் பொலித்தீன் மூடி முளைக்கவச்சா முளை வெளிறி நீட்டு நீட்டா வரும், அது இருட்டால வந்தது. பூக்கிற செடிகளுக்குப் பச்சையம் செய்யிறதுக்கு வெளிச்சம் கட்டாயம் வேணும், கடைசிப் படி வெளிச்சத்திலதான் நடக்கும். அதைக் கொண்டுவந்து நிழல் வெளிச்சத்தில ரெண்டு மூண்டு நாள் வச்சாப் பச்சை பிடிச்சிடும். உங்கட கண்டு அப்பிடியில்லை, ஒரே கப் ஒரே வெளிச்சம், பக்கத்தில நிக்கிறது பச்சை இது மட்டும் வெள்ளை, அதால இருட்டுக் கதை இதுக்குப் பொருந்தாது.

அடுத்தது எங்கட கரையோரத்துக்கே உரிய ஒண்டு. உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு, கும்புறுப்பிட்டி பக்கம் மணல் மண், சில வளவுகளில தோண்டினாச் சிப்பித்தூள் வெள்ளை வெள்ளையாக் கிடக்கும், சிப்பி எண்டா சுண்ணாம்பு, அது மண்ணின்ர பீஎச்சை, அதாவது காரத்தன்மையை, கூட்டிப்போடும், அப்ப மண்ணில இரும்பு இருந்தாலும் வேரால எடுக்க ஏலாது. பச்சையத்துக்கு நடுவில இருக்கிறது மகனீசியம், ஆனா அந்தப் பச்சையத்தைச் செய்யிற வேலைக்கு இரும்பு இல்லாமச் சரிவராது. அதால கொழுந்து இலை வெளிறி எலுமிச்சை மஞ்சளா வந்து, கூடினா வெள்ளைக்குக் கிட்டவும் வரும். வித்தியாசம் கண்டுபிடிக்கிறது லேசு, அந்த இலையை வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்தா நரம்பு மட்டும் பச்சை வலை மாதிரித் தெரியும், நடுவில மட்டும் மஞ்சள், அதோட கீழ நிக்கிற முத்தின இலை பச்சையாவே இருக்கும். அதுக்கு வைத்தியம் இருக்கு, கூட்டெரு நல்லாப் போட்டு, இலைக்குத் தெளிக்கிற இரும்புக் கலவையைப் பக்கற்றில எழுதியிருக்கிற அளவிலயே தெளிக்கலாம். வெண்டியில நரம்பு மஞ்சளா வாறது அதுக்கு நேர்மாறு, அது வெள்ளை ஈ கொண்டுவாற வைரசு, அந்தச் செடியைப் பிடுங்கிறதைத் தவிர வழியில்லை. வயலுக்கு அடிக்கிற களைநாசினியிலயும் சில சாதி இலையை வெள்ளையா வெளுக்கப்பண்ணும், தம்பலகாமம், கந்தளாய், மூதூர் பக்கம் வயலுக்குப் பக்கத்தில தோட்டம் வச்சிருக்கிற ஆக்கள் காத்தடிக்கிற நாளில அடிச்சதோ எண்டு யோசிக்கோணும். இருட்டில முளைச்சதைத் தவிர இது எல்லாம் பச்சையா நிண்ட செடி பிறகு வெளிறினது. பிறக்கேக்கயே தண்டு, இலை, நரம்பு எல்லாம் ஒரே வெள்ளையா வந்து, வெளிச்சத்தில வச்சும் மாறாம, இலையைத் தூக்கிப் பிடிச்சா அங்கால விரல் நிழல் தெரியிற அளவுக்கு மெல்லிசா, வெயில் பட்ட பக்கம் ஓரம் மண்ணிறமாக் கருகிக்கொண்டு வந்தா அதுதான் பச்சையமே இல்லாத கண்டு. நீங்க எழுதினது அதுதான்.

இனி ஏன் வந்தது எண்டதுக்கு வாறன், உங்கட கடிதத்தில விடை பாதி நீங்களே எழுதியிருக்கிறீங்க.

வெள்ளைக்கண்டு வாறதுக்கு ரெண்டு பெரிய காரணம். ஒண்டு பரம்பரை. பச்சையம் செய்யிறதுக்குக் கனக்க ஜீன் சேர்ந்து வேலை செய்யோணும், அதில ஒண்டு பழுது எண்டாலும் செடிக்கு எல்லா ஜீனும் ரெண்டு பிரதி இருக்கிறதால நல்ல பிரதி சமாளிச்சுக்கொள்ளும், செடியைப் பாத்தா ஒரு குறையும் தெரியாது. அந்தச் செடி தன்ர பூந்தூளாலயே காய்ச்சா, பழுதான ரெண்டும் ஒரு விதையில சந்திக்கிற வாய்ப்பு நாலில ஒண்டு, அந்த விதை வெள்ளையா முளைக்கும். மிளகாய், தக்காளி, சோளம், நெல்லில இது நடக்கிறது. ஒரே மிளகாய்ச் செடியில எடுத்த விதையில வருசா வருசம் கால்வாசி வெள்ளையா வருகுதெண்டா அந்தச் செடியில விதை எடுக்கிறதை நிப்பாட்டிப்போட்டு வேற செடியில எடுக்கோணும்.

ஆனா தேசியின்ர கதை வேற. தேசி விதை ஒண்டை ஊண்டினா சிலவேளை ரெண்டு கண்டு, மூண்டு கண்டு சேர்ந்து வரும், நீங்களும் கண்டிருப்பீங்க. அதுகளில கனக்க பூந்தூள் சேர்ந்து வந்த பிள்ளை இல்லை, தாய்மரத்தின்ர சதையில இருந்தே நேரா உண்டான முளை, அதாவது தாயின்ர அச்சுப் பிரதி. தாய் மரம் பச்சையா நிக்கிறதெண்டா அந்தப் பிரதிகளும் பச்சையாத்தான் வரோணும், மறைஞ்சிருக்கிற ஜீன் அதில வெளியில வராது. பூந்தூளால வந்த முளையில மட்டும்தான் அது வெளிப்படும், தேசியில அது குறைவு. அப்ப 22ல 8 எண்டு இவ்வளவு வெள்ளை வந்தா நான் பரம்பரையைச் சந்தேகப்படமாட்டன்.

நான் சந்தேகப்படுறது அந்த ஷொப்பிங் பேக்கை. தேசி, தோடை, எலுமிச்சை மாதிரிச் சாதிகளில விதைத் தோலில பங்கசு, அதாவது பூஞ்சணம், பிடிச்சாக் கண்டு வெள்ளையா முளைக்கும் எண்டது கனகாலமாத் தெரிஞ்ச விசயம், அஸ்பர்ஜிலஸ், அல்டர்னேரியா எண்டு ரெண்டு பங்கசு இதில முக்கியமாப் பேசப்படுறது. இதுகள் விடுற நச்சு முளைக்குள்ள போய், பச்சையம் உண்டாகிற நேரத்தில அந்த வேலையைக் கெடுத்துப்போடும். முளை சாகாது, வேரும் வரும், தண்டும் வரும், பச்சை மட்டும் வராது. உங்கட விதை சாறோடயும் சதையோடயும் காத்துப் போகாத பேக்குக்க, எங்கட ஊர் வெக்கையில, ஒரு கிழமைக்கு மேல கிடந்திருக்கு, கறுப்புப் பூஞ்சணம் பிடிச்சதையும் கண்டிருக்கிறீங்க, கழுவாமலும் ஊண்டியிருக்கிறீங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா ஆர்தான் விதையை நினைப்பினம், அதில உங்களைக் குறைசொல்ல ஒண்டுமில்லை. ஆனா காரணம் அதுதான் எண்டு நான் நினைக்கிறன், நாவூறு இல்லை. அந்த அக்கா உங்களில உள்ள அன்பிலதான் சொல்லியிருப்பா, அவவிட்ட இந்தப் பூஞ்சணக் கதையைச் சொல்லுங்கோ, அவவும் விதை போடுற ஆளெண்டா அவவுக்கும் உதவும்.

தொத்துமோ எண்டு கேட்டதுக்கும் இதிலயே பதில் இருக்கு. நச்சு கெடுக்கிறது பச்சை உண்டாகிற நேரத்தை, ஏற்கனவே பச்சை பிடிச்சு நிக்கிற இலையில அதுக்கு வேலையில்லை. எண்டாலும் வெள்ளைக்கண்டு நிண்ட தும்புத்தூளைத் திரும்பப் பாவிக்காதைங்கோ, கப்புகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில காயவிடுங்கோ. எட்டில ஏதாவது ஒண்டில பச்சைக் கீறோ பொட்டோ எங்கயாவது தெரிஞ்சா, அதை மட்டும் எறியாம நிழலில வச்சுப் பாருங்கோ, அடுத்த இலைகள் பச்சையா வந்து தப்பிறதுக்கு இடமிருக்கு. முழு வெள்ளைக்கு அந்த இடமில்லை.

சீனித்தண்ணி விசயம். இந்த யோசினை எங்கயிருந்து வந்திருக்கும் எண்டு எனக்கு விளங்குது, 1942ல ஸ்போர் எண்டு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெள்ளைச் சோளக்கண்டின்ர இலை நுனியை வெட்டி அந்த வெட்டு வழியாச் சீனிக்கரைசல் குடுத்து கூடநாள் வளர்த்துக் காட்டினவர். அது ஆய்வுகூடத்தில, கிருமி வராமப் பாதுகாத்து, இலை வழியாக் குடுத்தது. நீங்க கப்புக்குள்ள சீனித்தண்ணி விட்டா வேர் அதைக் குடிக்கிறதுக்கு முந்தி எறும்பும் பங்கசும் வந்திடும், பிறகு பக்கத்தில நிக்கிற பச்சைக்கண்டும் வேரழுகிச் சாகும். செய்யாதைங்கோ.

விக்கிற கதைக்குத் தம்பியிட்டச் சொல்லுங்கோ, வாங்கிற மனுசன் ஒரு கிழமையில செத்த கண்டோட நிப்பார் எண்டு தெரிஞ்சுகொண்டு அதை விக்கிறது சரியில்லை. அதேமாதிரி "வெள்ளைச் செடி விதை" எண்டு இண்டர்நெட்டில விக்கிறதையும் வாங்காதைங்கோ, பச்சையம் இல்லாத செடி பூத்துக் காய்ச்சு விதை தாற அளவுக்கு வளராது, அப்ப அந்த விதை எங்கயிருந்து வந்தது?

பச்சையம் இல்லாம ஒரு செடியும் உயிரோட இருக்காதோ எண்டா, இருக்கும், ஆனா இன்னொண்டில தங்கித்தான். அம்மையார் கூந்தல் எண்டு மஞ்சள் நூல் மாதிரி வேலியில, செடியில படர்ந்து கிடக்கிறதைக் கண்டிருப்பீங்க, அதுக்கு இலையுமில்லை, பச்சையம் எண்டு சொல்லத்தக்க அளவிலயும் இல்லை, சுத்திப் பிடிச்ச செடிக்குள்ள உறிஞ்சு வேரை விட்டு அதின்ர சாப்பாட்டைத்தான் எடுக்குது. கலிபோர்னியாவில செம்மரம் எண்டு வானத்தைத் தொடுற உயரத்துக்கு வளர்ற மரங்கள் இருக்கு, அதின்ர அடியில சிலவேளை முழு வெள்ளையாத் தளிர் வெடிச்சு வருசக்கணக்கில நிக்கும், ஏனெண்டா அது விதையில வந்தது இல்லை, தாய்மரத்தின்ர வேரிலயே ஒட்டிக்கொண்டு நிக்குது. பூக்கண்டுக் கடைகளில பச்சைத் தண்டுக்கு மேல சிவப்பு உருண்டையோ மஞ்சள் உருண்டையோ இருக்கிற கள்ளி விக்கிறாங்களே, அதுவும் இதுதான், 1941ல யப்பானில நாற்றுகளுக்குள்ள பச்சையம் இல்லாம முளைச்ச கள்ளியை எறியாம எடுத்துப் பச்சைக் கள்ளியில ஒட்டினதில இருந்து வந்த வழி. கீழ இருக்கிற பச்சை சமைக்கும், மேல இருக்கிற சிவப்பு சாப்பிடும். கீழ் தண்டு அழுகினா மேலயும் போச்சு.

அப்ப உங்கட வெள்ளைத் தேசியைப் பச்சைத் தேசியில ஒட்டலாமோ எண்டு கட்டாயம் மனசில வரும். ஒட்டலாம், ஆசையெண்டா ஒரு கண்டில செய்துபாருங்கோ. ரெண்டு கப்பையும் பக்கத்தில பக்கத்தில வச்சு, புது பிளேட்டால ரெண்டு தண்டிலயும் ஒரே உயரத்தில மெல்லிசாத் தோல் சீவி, சீவின பக்கத்தை ஒண்டோட ஒண்டு பொருத்தி, ஒட்டுக்குக் கட்டுற பொலித்தீன் நாடாவால சுத்திக் கட்டி, நிழலில ஈரம் காயாம வச்சிருக்கோணும். ரெண்டும் நெருப்புக்குச்சி மொத்தம்கூட இல்லாத தண்டு, பழக்கமில்லாத கைக்குக் கஷ்டம், பிடிச்சாலும் அந்த வெள்ளைக் கொப்பு ஒருநாளும் தன்ர சாப்பாட்டைத் தானே தேடாது, பச்சைக்கண்டின்ர வளர்த்தி பின்னுக்குத்தான் போகும். பழத்துக்கு எண்டு வச்சிருக்கிற நல்ல கண்டில செய்யவேண்டாம், மெலிஞ்சதில செய்யுங்கோ.

மணிப்பிளாண்ட் செத்ததும் இந்தக் கணக்குத்தான், ஆனா அது வருத்தம் இல்லை. வெள்ளையும் பச்சையும் கலந்த மணிப்பிளாண்டில ரெண்டு விதமான கலங்கள் ஒரே கொடியில சேர்ந்து வளருது, சில கணுவில வெள்ளைக்கலம் மட்டும் அகப்பட்டா அங்கயிருந்து வாற கொடி முழு வெள்ளையா வரும். தாய்க்கொடியில நிக்கும்வரைக்கும் கீழ இருக்கிற பச்சை இலை அதுக்கும் சேர்த்து ஊட்டிக்கொண்டிருந்தது, நீங்க வெட்டித் தனியா வச்ச அண்டையோட அது நிண்டுபோச்சு. இனி முழு வெள்ளைக் கொடி வந்தா, வடிவுக்கு எண்டா அப்பிடியே விடுங்கோ, புதுக்கண்டு எடுக்கிறதெண்டா பாதிக்குப் பாதி பச்சை உள்ள இலையோட கணு வாற இடமாப் பாத்து வெட்டுங்கோ. வெள்ளை கூடிக்கொண்டே போகுதெண்டு கண்டா, கடைசியாப் பச்சை நல்லா இருந்த கணுவுக்கு மேலால வெட்டிவிட்டா அங்கயிருந்து கலந்த கொடி வெடிக்கும்.

உங்கட பிள்ளை பள்ளிக்கூடம் போற வயசெண்டா இதை அவவுக்குக் கண்ணால காட்டலாம். வெள்ளை கலந்த செவ்வரத்தை இலையோ மணிப்பிளாண்ட் இலையோ, நாள் முழுக்க வெளிச்சத்தில நிண்டதைப் பின்னேரம் பிடுங்கி, கொதிதண்ணியில ஒரு நிமிசம் அவிச்சு, பிறகு ஒரு சின்னப் போத்தலில மதுசாரம் விட்டு இலையை அதுக்குள்ள போட்டு, அந்தப் போத்தலை அடுப்பில வைக்காம, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு இறக்கின சுடுதண்ணிக்குள்ள இறக்கி வையுங்கோ, மதுசாரம் நெருப்புக்குக் கிட்டவும் வரக்கூடாது. பச்சை கழண்டு இலை வெளிறினாப் பிறகு கழுவி அயடீன் விட்டா, பச்சை இருந்த இடம் மட்டும் கருநீலமா வரும், வெள்ளையா இருந்த இடம் அயடீனின்ர மண்ணிறத்திலயே நிக்கும். மாப்பொருள் எங்க செய்யப்பட்டது எங்க செய்யப்படேல்லை எண்டு அந்த இலையே கீறிக் காட்டும். சயன்ஸ் புத்தகத்திலயும் இருக்கு, ஆனா செத்துக்கொண்டிருக்கிற கண்டை வச்சுக்கொண்டு அழுகிற பிள்ளைக்கு இதைச் செய்து காட்டினா வேற மாதிரி விளங்கும்.

இனி திரும்ப விதை போடுறதெண்டா எப்பிடி எண்டு சொல்லுறன். நிலத்தில விழுந்து கிடக்கிற பழத்தை எடுக்காம மரத்திலயே மஞ்சளாப் பழுத்ததைப் பிடுங்கோணும். பழத்தைக் குறுக்கால கத்தியால வெட்டினா விதையும் வெட்டுப்படும், வெட்டுப்பட்ட தோல்தான் பங்கசுக்கு வாசல், அதால சுத்திவரத் தோலை மட்டும் கீறித் திருகிப் பிரியுங்கோ. விதையை வடிகட்டியில போட்டு வழுவழுப்புப் போகும்வரை நல்லாக் கழுவி, தண்ணியில மிதக்கிறதை எறிஞ்சுபோட்டு அண்டைக்கே ஊண்டுங்கோ. தேசி விதையை நெல்லு, பயறு மாதிரிக் காயவச்சு எடுத்துவைக்க ஏலாது, காய்ஞ்சா முளைதிறன் போயிடும், ஈரத்தோட மூடிவச்சாப் பூஞ்சணம், ரெண்டும் கூடாது. பெரிய நாற்றுமேடைக்காரர் விதையை 52 பாகை செல்சியஸ் சூட்டுத் தண்ணியில பத்து நிமிசம் வச்சு எடுக்கிறவை, வீட்டில அதைச் செய்யிறதெண்டா சமையலுக்குப் பாவிக்கிற தெர்மோமீட்டர் வேணும், காய்ச்சல் பாக்கிறது 42க்கு மேல காட்டாது, கையை விட்டுப் பாத்து மட்டுப்பிடிக்க வெளிக்கிட்டா விதை அவிஞ்சுபோகும். அது இல்லாட்டிப் பரவாயில்லை, கழுவின விதையின்ர வெளித்தோலைக் கூர்ப்பக்கத்தில நகத்தால கிள்ளி, உள்ளபருப்பு காயப்படாம உரிச்சு எடுத்துப்போட்டு ஊண்டினாலே வெள்ளைக்கண்டு குறையும், ஏனெண்டா பங்கசு இருக்கிறது அந்தத் தோலில. கொஞ்சத்தை உரிச்சும் கொஞ்சத்தை உரிக்காமலும் வேற வேற கப்பில போட்டு எழுதி ஒட்டிவையுங்கோ. எல்லாம் பச்சையா வந்தாக் காரணம் பேக்தான் எண்டது உறுதி. நல்லாக் கழுவி அண்டைக்கே போட்டும் திரும்ப வெள்ளை வந்தா எனக்கு எழுதுங்கோ, அப்ப மரத்தைப் பற்றி யோசிப்பம்.

மண்ணுக்குக் கடற்கரை மணல் எடுக்காதைங்கோ, உப்பு. மூதூர்ப் பக்கத்தால வாற ஆத்து மணலோ கழுவின மணலோ ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் சேர்க்கிறதெண்டா ரெண்டு மூண்டுதரம் நல்ல தண்ணியில ஊறவச்சுப் பிழிஞ்சுபோட்டுச் சேருங்கோ, கரையோரத்தில ஊறப்போட்ட தும்பில உப்பு நிக்கும். கப்புக்கு அடியில ஓட்டை கட்டாயம், யோகட் கப்பில கனபேர் அதை மறக்கிறவை.

இருக்கிற 14 கண்டையும் ஆறு ஏழு இலை வந்தாப் பிறகு பெரிய பொலித்தீன் உறைக்கு மாத்துங்கோ. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில வெளி நிலத்தில நடாதைங்கோ, அந்தச் சூட்டுக் காத்து ஒரே பகலில கொழுந்தைப் பொரிச்சுப்போடும், மாரி மழை தொடங்கி நிலம் நனைஞ்சாப் பிறகு நட்டாத் தண்ணி ஊத்துற வேலையும் பாதியாக் குறையும். மான் வாற பக்கமெண்டா முதல் வருசம் சுத்திவர வலை அடியுங்கோ. கண்டு விதையில வந்ததெண்டாலும் முந்திச் சொன்ன மாதிரி கனக்க தாயின்ர அச்சுத்தான், அதே சாறு அதே பழம் வரும், காய்க்கிறதுக்கு மட்டும் ஒட்டுக்கண்டை விடக் கூடநாள் பொறுக்கோணும்.

அந்தப் பொறுமைக்கு இடையில தம்பலகாமத்து மரம் பட்டுப்போனா என்ன செய்யிறது? அதுக்குத்தான் நான் முதல்ல சொன்ன வேலை. மழை தொடங்கிற நேரம் அம்மா வீட்ட போங்கோ. பட்ட பக்கத்தை விட்டுப்போட்டு, நல்லாத் தளிர்க்கிற பக்கத்தில பென்சில் மொத்தத்தில ஒரு கொப்பைத் தெரிஞ்சு, ஒரு அங்குல அகலத்துக்குச் சுத்திவரத் தோலை உரிச்சு, உள்ள இருக்கிற வழுவழுப்பையும் சுரண்டி விடுங்கோ. நனைச்சுப் பிழிஞ்ச தும்பை ஒரு கைபிடி அதைச் சுத்தி வச்சுத் தெளிவான பொலித்தீனால மூடி ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கோ. ஒண்டில பிடிக்காட்டியும் இன்னொண்டில பிடிக்கட்டும் எண்டு மூண்டு நாலு கொப்பில செய்யுங்கோ, மரம் வயசுபோனது, அதுக்கு மேல பாரம் குடுக்கவேண்டாம். பொலித்தீனுக்குள்ளால வெள்ளை வேர் நல்லா ஓடினது தெரிஞ்சாப் பிறகு அதுக்குக் கீழால வெட்டி, முக்கால்வாசி இலையைக் கழிச்சு, நிழலில சாடியில வையுங்கோ. கை நடுங்குதெண்டா உங்கட பகுதி கமநல சேவை நிலையத்தில விவசாயப் போதனாசிரியரைச் சந்திச்சு ஒருக்காச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கோ, இல்லாட்டி விவசாயத் திணைக்களத்தின்ர 1920 இலக்கத்துக்குப் போன் எடுத்துக் கேளுங்கோ. பட்டுக்கொண்டு வாற பக்கத்தின்ர போட்டோ ஒண்டும் எனக்கு அனுப்புங்கோ, தண்டில பட்டை வெடிச்சுப் பிசின் வடியுதோ, அடியில மண் ஏறி மூடியிருக்குதோ எண்டு தெரியிற மாதிரிக் கிட்டவா எடுங்கோ, மரத்தையும் இன்னும் கொஞ்சக்காலம் நிப்பாட்டி வைக்க ஏலுமோ எண்டு பாப்பம்.